இன்ஜின் பாட்டியும் பன்னிரண்டாவது டின்னும்

கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நடுவில் எத்தனையோ லட்சம் வண்டிகள் ஓடியிருக்கும். ஆனால், பின்னால் உட்கார்ந்திருப்பவர் விசில் ஊதினால்தான் நகருவேன் என்று அடம்பிடித்த மோட்டர் சைக்கிள் இந்த உலகத்திலேயே ஒன்றுதான். அதை ஓட்டியவர் என் பாட்டி, அதாவது உங்கள் கொள்ளுப்பாட்டி. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ‘இன்ஜின் பாட்டி’.

பிள்ளைகளா, நான் படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்தில் தப்பு இருந்தால் டீச்சரிடம் காட்டாமல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். சாமி மேடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிற பித்தளை விசிலை ஏன் தொடக்கூடாது என்று போன வாரம் கேட்டீர்களே, அதற்குத்தான் இது. வாயால் சொன்னால் பாதியிலேயே போனைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

தாத்தா ரயிலில் கார்டு. கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியுமாக நின்று, எல்லாம் சரியா என்று பார்த்து விசில் ஊதுபவர். அவர் ஊதாமல் இன்ஜின் நகரக்கூடாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில், நான்கு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட ஒரு வண்டி தேவைப்பட்டது. மோட்டர் ஓட்டப் பழகுங்கள் என்று பாட்டி தாத்தாவிடம் சொல்லியிருக்கிறார்.

“தண்டவாளம் இல்லாத வண்டிய எவன் நம்புவான்? ரோட்டுல அவனவன் இஷ்டத்துக்குத் திரும்புறான்.”

“அப்ப நான் ஓட்டுறேன்.”

“நீயா?”

அந்த ‘நீயா’வைத் தாத்தா கேட்டிருக்கக் கூடாது. மீன்காரரின் பழைய மோட்டரில் திடலைச் சுற்றிச் சுற்றிப் பழகி, லைசென்ஸும் எடுத்து, இரண்டே மாதத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு சிவப்பு மோட்டரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார் பாட்டி. தாத்தா மூன்று முறை அதைச் சுற்றிவந்தார். டயரை உதைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய் விசிலை எடுத்துக்கொண்டு வந்து பின்னால் ஏறினார்.

“நான் ஊதாம நகரக்கூடாது.”

“சரிங்க.”

கல்யாணத்தில் ஐயர் சொன்ன மந்திரம் ஒன்றும் இருவருக்கும் புரியவில்லையாம். இந்த ஒப்பந்தம் நன்றாகப் புரிந்தது. ஐம்பத்தொரு வருடக் குடித்தனம் பெரும்பாலும் அதில்தான் ஓடியது. ஒரு விசில் என்றால் கிளம்பு, இரண்டு என்றால் நில். வளைவு வந்தால் தாத்தா சிவப்புத் துணியை எடுத்துப் பின்னால் வரும் லோரிக்கு ஆட்டுவார். லோரிக்காரர்களும் மரியாதையாக ஒதுங்குவார்கள். வீட்டில் சண்டை வந்து இருவரும் பேசாமல் இருக்கும் நாளிலும் விசில் மட்டும் நிற்காது. தாத்தாவுக்கு எவ்வளவு கோபம் என்பதை விசிலின் நீளத்தை வைத்தே என் அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

தாத்தா ஓய்வுபெற்றுக் கிள்ளானுக்குக் குடிவந்த பிறகும், வெள்ளிக்கிழமை தவறாமல் இருவரும் பிரிக்பீல்ட்ஸுக்குப் பூ வாங்கப் போவார்கள். கிள்ளானில் பூவே கிடைக்காத மாதிரி! ஒருநாள் பூ வாங்கி முடித்ததும், பின்னால் ஏறி உட்கார்ந்த தாத்தா, முறுக்கு ஞாபகம் வந்து பாட்டிக்குத் தெரியாமலேயே மறுபடி கீழே இறங்கினார். பாட்டி இன்ஜினை அணைக்காமல் சாலையைப் பார்த்தபடி நின்றார். சந்திப்பில் போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் ஊதினார்.

பாட்டி கிளம்பிவிட்டார்.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டருக்கென்று தனிப் பாதை உண்டல்லவா, அதில் பாட்டி ஜோராக வந்தார். வரும் வழியெல்லாம் தாத்தாவின் தங்கையைப் பற்றி, இருபது வருடமாக மனதில் வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். பின்னாலிருந்து பதிலே வரவில்லை. அது வழக்கம்தான் என்பதால் சந்தேகமும் வரவில்லை. பாதி வழியில், பத்து தீகா பக்கம் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு அடியில் நிறுத்தினார். அங்கே ஏற்கெனவே நாலைந்து இளைஞர்கள் மோட்டரோடு ஒதுங்கி நின்றார்கள்.

“ஏங்க, இறங்குங்க. மழை விடட்டும்.”

“பாட்டி, யார்கிட்ட பேசுறீங்க?” என்றான் ஒருவன்.

பாட்டி திரும்பினார். சீட்டில் பூப்பொட்டலம் மட்டும் இருந்தது.

“என் வீட்டுக்காரரு! பின்னால உட்கார்ந்திருந்தாரே!”

“ஐயோ, விழுந்துட்டாரா? டேய், வாங்கடா!”

இரண்டு பேர் அந்தக் கொட்டுகிற மழையிலும் தாத்தாவைத் தேடப் புறப்பட்டார்கள். முக்கால் மணி நேரமாகியும் அவர்கள் திரும்பாததால் இன்னொருவன், “வீட்டுக்கு ஒரு போன் போடுங்க பாட்டி,” என்று தன் போனைக் கொடுத்தான். பாட்டி வீட்டு நம்பரை அழுத்தினார். மறுமுனையில் தாத்தா.

“எங்க சுத்திக்கிட்டு இருக்க? டீ ஆறுது.”

“நீங்க எப்படிங்க…?”

“கோமுட்டர் ரயில்ல வந்தேன். தண்டவாளம் தண்டவாளம்தான்.”

வீட்டுக்கு வந்து ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த பாட்டியிடம், “போலீஸ்காரன் விசிலுக்கும் புருஷன் விசிலுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியலையா?” என்று கேட்டார் தாத்தா. “அவன் உங்கள விட நல்லா ஊதுனான், அதான்,” என்றார் பாட்டி. அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டுக்குப் பின்னால் நின்று தாத்தா விசில் ஊதிப் பழகினார். பக்கத்து வீட்டு நாய் எங்கேயோ போய்விட்டது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு, பாட்டியின் எழுபத்திரண்டாவது வயதில் ஆபத்து வந்தது. மீன் பாசார் முனையில் மோட்டர் கால்வாயோரம் சாய்ந்து, பாட்டிக்கு முழங்கையில் சிராய்ப்பு. அப்பா சாவியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

“போதும்மா. எங்க போகணும்னு சொல்லு, நான் கார்ல கொண்டுபோய் விடுறேன்லா.”

“அம்பது காசுக்குக் கறிவேப்பிலை வாங்கணும்னாலும் உன் லீவுக்குக் காத்திருக்கணுமா? சாவி இல்லன்னா எனக்குக் கால் இல்லடா.”

அப்பா இளகவில்லை. பாட்டியோ தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற மோட்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அங்கேயே சாப்பாடு, அங்கேயே பயறு உரிப்பது, அங்கேயே வெற்றிலை. சாயங்காலம் பார்த்தால் பின் சீட்டில் தாத்தாவும் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் நாள், “அம்மா கீழ இறங்குறதுக்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்கப்பா,” என்று அப்பா தாத்தாவிடமே சரணடைந்தார்.

தாத்தா பேப்பரை மடித்தார். “ரயில்வேயில சந்தேகம் வந்தா சோதனை ஓட்டம் விடுவோம். பன்னெண்டு காலி டின்ன வரிசையா வை. வளைஞ்சு வளைஞ்சு போகட்டும். ஒரு டின் விழுந்தாலும் சாவி உனக்கு. விழலைன்னா சாவி அவளுக்கு. அப்புறம் யாரும் வாயத் திறக்கக்கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை தாமான் திடலில் கூட்டம். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துவிட்டார். ரொட்டிக்காரர் வியாபாரத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். நான் அப்போது பூச்சோங்கில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். டின் அடுக்க என்றே வந்திருந்தேன். கடைசி டின்னுக்குப் பக்கத்தில் என்னை நிற்க வைத்தார்கள்.

தாத்தா ஏறினார். ஒரு விசில். பாட்டி கிளம்பினார். ஒன்று, இரண்டு, மூன்று… பாம்பு மாதிரி வளைந்து வருகிறார். “பதினொண்ணு!” என்று சீன ஆன்டியே தமிழில் கத்தினார். பன்னிரண்டாவது டின்.

டங்!

டின் உருண்டு என் காலடியில் வந்து நின்றது. ஜெயித்த அப்பாவின் முகம்தான் எல்லோரையும் விட வாடிப்போயிருந்தது. தாத்தா இரண்டு முறை விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். மெதுவாக இறங்கினார். இடது காலில் செருப்பு இல்லை. அது டின்னுக்குப் பக்கத்தில் கிடந்தது.

“டின்னத் தட்டுனது என் காலு,” என்றார் கம்பீரமாக. “இடுப்புப் பிடிப்பு. கால் மிதியில நிக்க மாட்டேங்குது. இன்ஜின்ல ஒரு குறையும் இல்ல. கார்டு பெட்டிதான் தடம் புரண்டுடுச்சு. சாவியக் குடு.”

திடலே கைதட்டியது. ரொட்டிக்காரர் மணியடித்தார். அப்பா சாவியைக் கொடுத்த வேகத்தைப் பார்த்தால், தோற்றதில் அவருக்குத்தான் அதிக சந்தோஷம். தாத்தா தொடர்ந்தார்: “பழுதான பெட்டிய இனிமே இழுக்கக்கூடாது. நான் வீட்டு வாசல்லயே நின்னு ஊதுறேன்.”

“நீங்க இல்லாம நான் எங்கங்க போவேன்?”

“பாசாருக்குப் போ. நல்ல மீனாப் பார்த்து வாங்கிட்டு வா.”

அன்று முதல் தாத்தா இடது காலை நொண்டி நடந்தார். சில நாள் மறந்துபோய் வலது காலை நொண்டுவார். நாங்கள் வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். பாட்டியும் நெடுஞ்சாலைப் பக்கமே போகவில்லை. வீட்டிலிருந்து பாசார், பாசாரிலிருந்து வீடு. அதுவும் சைக்கிள்காரர்கள் முந்திப்போகும் வேகத்தில். தினமும் காலையில் வாசலில் ஒரு விசில்.

தாத்தா போய்ச் சேர்ந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்த மறுநாள் காலை. பாட்டி மோட்டரைக் கிளப்பி அப்படியே உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, வண்டி நகரவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

“அன்னைக்கு முன் சக்கரம்தான்டா டின்னுல பட்டுச்சு. எனக்குக் கையிலேயே தெரிஞ்சுது. செருப்ப அவரே கழட்டிப் போட்டாரு. நீ பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டுத்தானே இருந்த?”

“பார்த்தேன் பாட்டி.”

“ஏன் சொல்லல?”

“கார்டு சொன்னா சொன்னதுதானே பாட்டி.”

பாட்டி சிரித்தார். “ஐம்பத்தொரு வருஷத்துல அந்த மனுஷன் சொன்ன ஒரே பொய். அதுக்காக, ஒண்ணுமில்லாத கால நொண்டி நொண்டியே நடந்தாரு.”

நான் உள்ளே போய் ஆணியிலிருந்து விசிலை எடுத்து வந்து ஊதினேன்.

“இன்னும் கொஞ்சம் நீட்டி ஊதுடா.”

நீட்டி ஊதினேன். பாட்டி திரும்பிப் பார்க்காமல் பாசாருக்குப் போனார்.

பிள்ளைகளா, அந்த விசிலை இனிமேல் நீங்கள் தொடலாம். நாளைக் காலையில் நான் லோரி எடுக்கும்போது, உங்களில் யாராவது ஒருவர் வாசலில் நின்று ஊதுங்கள். ஊதும்வரை நான் கிளம்ப மாட்டேன்.