மாப்பிள்ளைக்கு, சார்ஜர் விஷயமாக

தணிகாசலம் துணை

கனகம்மாசத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை டில்லிபாபு அவர்களுக்கு மாமனார் பக்தவச்சலம் எழுதிக்கொள்வது. இங்கே நான், பசுமாடு, கிணற்று மோட்டார் மூவரும் சுகம். அங்கே புனேயில் நீங்களும் அனிதாவும் பேரப்பிள்ளையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இங்கிருந்து வந்திருக்கும் என் சம்சாரம், அதாவது உங்கள் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதக் காரணம், கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு என் போனில் உயிர் நிற்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அந்தப் போன்தான் விஷயமே. அதோடு நான் எப்போது கூப்பிட்டாலும் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சிலவற்றை ஆண்பிள்ளைகள் நாம் தனியாகப் பேசிக்கொள்வதுதான் நல்லது. பயப்பட வேண்டாம், சார்ஜர் சமாச்சாரம்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பேரனைத் தினமும் பார்க்கட்டும் என்று நீங்கள் வாங்கி அனுப்பிய போனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அருமையான போன். பெட்டியைப் பிரித்தபோது போன் இருந்தது, ஒயர் இருந்தது, பொடி எழுத்தில் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது, சார்ஜர் மட்டும் இல்லை. கொண்டுவந்து கொடுத்தவர் எடுத்துக்கொண்டார் என்று நினைத்து, அவர் பைக்கின் பின்னாலேயே மெயின் ரோடு வரை ஓடினேன். அவர் நல்ல மனிதர், வண்டியை நிறுத்தி, "இப்பல்லாம் சார்ஜர் உள்ள வெக்கறதில்ல நைனா, தனியாத்தான் வாங்கிக்கணும்" என்று சொல்லி, மூச்சு வாங்கிய எனக்குத் தன் பாட்டில் தண்ணீரும் கொடுத்தார். மோட்டார் வாங்கினால் ஸ்டார்ட்டர் தனியாக வாங்குவதில்லையா என்று மனதைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். பழைய போனின் சார்ஜர் கிடக்கிறதே, அதில் மாட்டலாம் என்று பார்த்தால் நீங்கள் அனுப்பிய ஒயருக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சின்ன மூக்கு. பழைய சார்ஜருக்கோ அகல வாய். இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. மறுநாள் பஸ் ஏறித் திருத்தணிக்குப் போனேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சேட்டு என்று ஒருவர் போன் கடை வைத்திருக்கிறார். போனைக் காட்டி ஒரு சார்ஜர் கொடுங்கள் என்றேன்.

"எத்தினி வாட்டு வேணும்? பத்து கீது, இருபது கீது, முப்பத்தி மூணு, அறுபத்தி அஞ்சு, எல்லாம் கீது" என்றார்.

"எங்க வூட்டு கூடத்துல ஒம்போது வாட்டு பல்பு ஒண்ணுதான் எரியுது. கூடம் முழுக்க வெளிச்சம். இந்த போனு கையகலம். பத்தே போதும்."

சேட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க இஷ்டம்" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவர் என்னோடு கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பத்து வாட்டு சார்ஜரில் விடிந்ததும் மாட்டினால் மத்தியானச் சோற்றுக்குக் கால்வாசி கூட ஏறவில்லை. அதிலும் பாதி நேரம் கரண்ட் இருப்பதில்லை. சாயங்காலம் உங்கள் அத்தை கூப்பிடும்போது கொஞ்சம்தான் இருக்கும். அவளோ எடுத்ததும் பிள்ளையைக் காட்டமாட்டாள். மாடு எவ்வளவு கறந்தது, கொடுக்காப்புளி மரத்துப் பக்கம் வேலி அடைத்தாயிற்றா, ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று கேட்டு முடிப்பதற்குள் பாதி தீர்ந்துவிடும். அப்புறம்தான் பிள்ளையைத் தூக்கி, "தோ பாரு ராஜா, தாத்தா பாரு" என்பாள். பிள்ளை மெதுவாகத் தலையைத் திருப்பும். அந்த இடத்தில் அணைந்துவிடும். கறுத்துப்போன கண்ணாடியில் என் மூஞ்சிதான் தெரியும். இப்படிப் பல நாள். பேரனின் இடது காதை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன். முழு முகம் இன்னும் பார்க்கவில்லை.

சரி, பெரிய சார்ஜராக வாங்கிவிடலாம் என்று பக்கத்து வீட்டு முருகவேலிடம் யோசனை கேட்டேன். அவன், "அறுபத்தி அஞ்சு வாட்டுல போட்டா போனு வெடிச்சிடும் மாமா, எங்க சித்தப்பா மச்சான் சட்ட பையிலயே வெடிச்சிது" என்று சொல்லி என்னைக் கலங்க வைத்தான். உங்களைக் கேட்கலாம் என்று நினைத்து, ஆபீஸ் நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டு உங்கள் அத்தையிடமே கேட்டேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"மாட்டுக்கு தண்ணி காட்றீங்க. தொட்டி பெருசுன்னு மாடு வெடிச்சா பூடுது? அதுக்கு வேண்டியதத்தான் குடிக்கும். போனும் அப்படித்தான். தைரியமா வாங்குங்க. ஆனா ரோட்டோர சரக்கு வேணாம், நல்ல கடையில பில்லு போட்டு வாங்குங்க."

இதை அவளுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா, தானாகவே தெரியுமா என்று எனக்குத் தெரியாது. பெரியதையே வாங்கினேன். அது செங்கல் கனம். எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்யும் பிளக் பாயிண்ட் சமையலறையில் மிக்சி பக்கத்தில் இருக்கும் ஒன்றுதான், அதிலும் ஓட்டை அகன்றுபோயிருக்கிறது. சார்ஜரை மாட்டிவிட்டுக் கையை எடுத்தால் கனம் தாங்காமல் தலை சாய்ந்து விழுகிறது. கீழே முட்டுக் கொடுக்க டப்பாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். போனும் நன்றாக ஏறியது. அன்று சாயங்காலம் ஒயரோடு நின்றபடியே பேசினேன். உங்கள் அத்தை திடீரென்று பேச்சை நிறுத்தி, "அது இன்னா, என் மொளகாத்தூள் டப்பா அங்க கீது?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். "போன இடது பக்கம் திருப்புங்க. இன்னும். மேல காட்டுங்க. அடுப்பு மேல காட்டுங்க. அந்த பால் குண்டான் காலையிலேர்ந்து கழுவலையா?" சமையலறை முழுவதையும் அங்குலம் அங்குலமாகக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திட்டினாள். எண்ணெய்க் கரண்டிக்கு ஒரு திட்டு, ஈரத்துணிக்கு ஒரு திட்டு. மாப்பிள்ளை, உங்களிடம் சொல்வதற்கு என்ன, அவள் காட்டச் சொல்லாத மூலையையும் நானாகவே காட்டினேன். அந்தக் குரல் இந்தச் சமையலறையில் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அதைக் கேட்டு மாடு கூட வெளியே இருந்து ஒரு தடவை கத்தியது.

அன்றைக்கும் பிள்ளையைக் காட்டும் நேரத்தில் பிளக் பாயிண்டில் பொறி பறந்து, சுவரில் கறுப்பாக ஒரு தீற்றல் விழுந்து, வீடெல்லாம் நாற்றம். போனுக்கு ஒன்றும் இல்லை, சார்ஜருக்கும் ஒன்றும் இல்லை. எலெக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு, தப்பு சார்ஜர்மேல் இல்லை, தளர்ந்த பாயிண்டில் இவ்வளவு கனமானதை மாட்டியதுதான் தப்பு, புதிதாக மூன்று பின் பாயிண்ட் போட வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்றார். அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை. அதுவரை முருகவேல் வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்து வந்தேன். ஒரு நாள் அங்கே மாட்டிவிட்டுக் கழனிக்குப் போயிருந்தபோது உங்கள் அத்தை கூப்பிட்டிருக்கிறாள். முருகவேல் சம்சாரம் பிரேமா எடுத்து, இருவரும் ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்த்திருக்கிறார்கள். நான் போய் எடுத்தபோது, நான் மாட்டியபோது இருந்ததைவிடக் குறைவாக இருந்தது.

இதெல்லாம் வேண்டாம், நம் பழைய கார் சும்மாதானே நிற்கிறது, அதில் போட்டுக்கொள்ளலாம் என்று காருக்கு ஒரு சார்ஜர் வாங்கினேன். சிகரெட் பற்றவைக்கும் ஓட்டையில் செருகுவது, இரண்டு போன் போடலாம் என்று அட்டையில் எழுதியிருந்தது. அவசரத்தில் உங்கள் அத்தை சொன்னதை மறந்து ரோட்டோரத்தில் வாங்கிவிட்டேன். வண்டி ஓடினால்தான் ஏறுகிறது. ஆகவே சாயங்காலம் ஆனால் வாசலில் காரை ஸ்டார்ட் செய்து உள்ளே உட்கார்ந்துகொள்வேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், "இன்னாபா, வண்டில ஏறி உக்காந்துகினு எங்கயும் போவ மாட்டேங்கற?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெட்கமாகப் போய்விட்டது. சரி, எங்காவது போய்விடலாம் என்று நேற்று திருத்தணி மலைக்கே ஓட்டிக்கொண்டு போனேன். மலைமேல் சிக்னலும் நன்றாக இருக்கும். கோபுரத்தைக் காட்டினால் உங்கள் அத்தையும் கும்பிட்டுக்கொள்வாள். ஒவ்வொரு கிருத்திகைக்கும் அவளோடுதான் மலையேறுவேன், இந்த இரண்டு மூன்று கிருத்திகையாகத்தான் போகவில்லை.

மேலே வண்டியை நிறுத்தி போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் பின்கதவு திறந்தது. என் வயதில் ஒரு ஆளும் அவர் மனைவியும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நகரியிலிருந்து வந்து, மொட்டை போட்டுச் சாமி பார்த்துத் திரும்புகிறவர்கள். வாடகைக் கார் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தம்மா, "பஸ் ஸ்டாண்டுல வுடுங்கண்ணா. இவருக்கு காலு வலி, படி எறங்க முடியாது" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிளம்பினேன். சார்ஜரைப் பார்த்ததும், "எங்க போனும் செத்து கெடக்குது, கொஞ்சம் போடட்டுமா" என்று அவர்களும் செருகினார்கள். அவர்கள் போனில் ஏறியது. என் போனில் நின்றுவிட்டது. இரண்டாவது வளைவில் சூடு தாங்காமல் ஃபியூஸ் போய், அதோடு ஹாரனும் போய்விட்டது. மலைப்பாதையில் ஹாரன் இல்லாமல் எப்படி இறங்குவது? ஒவ்வொரு திருப்பத்திலும் தலையை வெளியே நீட்டி, "அரோகரா" என்று கத்தினேன். பின்னால் இருந்தவரும் சேர்ந்து கத்தினார். எதிரே வந்தவர்கள் எல்லாம் கைகூப்பி, திருப்பி அரோகரா போட்டு, ஒதுங்கி வழி விட்டார்கள். ஹாரனுக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

பாதி வழியில் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அந்தம்மா மடியில் ஒரு கிண்ணத்தில் சந்தனம் வைத்திருந்தார். "பாவா, தலய காட்டு" என்று புருஷனிடம் சொன்னார். அவர் குழந்தை மாதிரிக் குனிந்தார். அந்தம்மா மொட்டைத் தலையில் சந்தனத்தைத் தடவி, காதுக்குப் பின்னால் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டார். "சில்லுனு கீதா?" என்று கேட்டார். "ஆங்" என்றார் அவர். அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். நான் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டேன். பின்னால் வரும் வண்டி தெரியாவிட்டாலும் போகட்டும் என்று இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபோது வாடகை கொடுக்க வந்தார்கள், நான் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். வீட்டுக்கு எந்தச் சார்ஜர், காருக்கு எந்தச் சார்ஜர் என்று யோசித்து, இலேசானதாக, நம்பகமானதாக வகைக்கு ஒன்று கூரியரில் அனுப்பிவையுங்கள். உங்கள் அத்தையை இதற்காக அவசரப்படுத்த வேண்டாம். பிள்ளை உட்காரட்டும், தவழட்டும், நடக்கட்டும், பள்ளிக்கூடம் வேண்டுமானாலும் போகட்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. சோறு நானே வடிக்கிறேன், சில நாள் சோறாகவே வருகிறது. நானும் ஒரு நடை வந்துவிட்டுப் போகலாமே என்று ஊரில் கேட்கிறார்கள். யாரும் கூப்பிடாமல் மாமனார் போய் மாப்பிள்ளை வீட்டில் உட்காருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. கழனியில் வேர்க்கடலை நிற்கிறது, மாடு இருக்கிறது, நான் எங்கும் அசைவதாக இல்லை. எனக்கு வேண்டியது சார்ஜர் மட்டும்தான்.

பேரனுக்குத் தணிகைமலையான் நல்ல ஆயுசும், எல்லா நேரமும் நூறு சார்ஜ் காட்டும் உடம்பும் கொடுக்கட்டும். அனிதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விடாதீர்கள். உங்களுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் அத்தையை நான் கேட்டதாகச் சொல்லுங்கள். நான் கேட்டேன் என்று சொன்னால் போதும், என்ன கேட்டேன் என்று சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
அ. பக்தவச்சலம்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை கூப்பிட்டாள்.

"இன்னா பண்றீங்க?"

"சும்மா எழுதிகினு கீறேன்."

"மாப்பிள்ள உங்களுக்கு டிக்கெட்டு போட்டுட்டாரு. வந்து கொஞ்ச நாளு இருந்துட்டுத்தான் போவணுமாம்."

"நீ கேட்டியா?"

"நான் ஏன் கேக்கறேன்? காலையில டிபனுக்கு தட்டு எடுத்து வெச்சேன். மாப்பிள்ளைக்கு ஒண்ணு, அனிதாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. வெச்சப்புறம்தான் தெரிஞ்சிது. எடுக்கறதுக்குள்ள மாப்பிள்ள பாத்துட்டாரு. போன எடுத்துகினு ரூமுக்கு போனாரு."

பரண்மேல் பை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். பிறகு, "எந்தத் தேதிக்கு?" என்று கேட்டேன். "வர்ற..." என்றாள். அணைந்துவிட்டது.

எந்தத் தேதியானாலும் சரி மாப்பிள்ளை, பையைக் கட்டிவிட்டேன். மாட்டையும் வேர்க்கடலையையும் முருகவேல் பார்த்துக்கொள்கிறான். மேலே கேட்டிருக்கும் எதையும் அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதம் அங்கே வரும்போது நான் உங்கள் வீட்டில்தான் இருப்பேன். உங்கள் அத்தை கண்ணில் படாமல், பிரிக்காமல், அப்படியே என் கையில் கொடுத்துவிடுங்கள்.