சஹனுக்கு ஆறு பேர்

உலக இராணுவ வரலாற்றிலேயே சோற்றுத் தாலத்தை வைத்துப் பயங்கரவாதத்தைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் ஊருக்கு மட்டுமே உரியது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. அடக்கம் காரணமாக, பெரிய பங்கு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தேவாலயங்களில் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அவசரகாலச் சட்டம் அமுலில் இருந்த காலம் அது. புத்தளம் களப்போரத்தில் இருக்கும் எங்கள் ஊர் தில்லையடியைப் படையினர் சோதிக்க இருந்தார்கள். அதற்கு முன்னர் முஸ்லிம்களின் பண்பாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று மேஜர் ஆசைப்பட்டார். எவ்வளவு பரந்த உள்ளம்! ஓய்வுபெற்ற அதிபரும், நல்லிணக்கக் குழுவின் செயலாளரும், சிங்களத்தில் சரளமாகக் கதைக்கக்கூடியவருமான இஸ்ஸதீன் ஆகிய என்னை முகாமுக்கு அழைத்து விரிவுரை ஆற்றச் சொன்னார். தொழுகை, நோன்பு, கலியாணம் எல்லாவற்றையும் விளக்கினேன். கந்தூரி விருந்திலே சஹன் என்னும் பெரிய தாலத்தில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம் என்றேன். மேஜர் அதை மட்டும் திரும்பவும் சொல்லச் சொன்னார். கேக்கும் தேநீரும் தந்தார்கள்.

சில நாட்களில் நடவடிக்கை ஆரம்பமானது. கதவைத் திறக்கும் சிரமம்கூட மக்களுக்கு வேண்டாம் என்று படையினரே அவற்றை உடைத்தார்கள். ஆண்கள் அனைவரையும் மைதானத்தில் முழங்காலில் இருத்தி, இலவசமாகச் சூரிய ஒளி வழங்கினார்கள். தண்ணீர் கேட்டவர்களுக்குச் சப்பாத்துக் காலால் உதை கிடைத்தது. “இது பொதுமக்களுக்கு இடையூறு இல்லாத நடவடிக்கை” என்று ஒலிபெருக்கி இடைவிடாமல் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது.

சுஹைரின் வீட்டில்தான் ‘சதி’ அகப்பட்டது. கலியாண வீடுகளுக்குக் கிடாரம், கதிரை, சஹன் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பது அவன் தொழில். வீட்டில் வசிப்பது அவனும் மனைவி நஸ்லியாவும் மட்டும்தான். பின்னறையிலோ கழுவிக் கவிழ்த்த சஹன்கள் பத்து இருந்தன. மைதானத்திலிருந்து சுஹைரை இழுத்துவந்து அவற்றின் முன் நிறுத்தினார்கள்.

மேஜரின் முகம் பிரகாசித்தது. “சஹனுக்கு ஆறு பேர். அப்படியென்றால் அறுபது ஆண்கள் சாப்பிடும் வீடு இது. இங்கே ஒருவன்தான் இருக்கிறான். மற்றவர்கள் எந்தக் காட்டில் பயிற்சி எடுக்கிறார்கள்?” என்று சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளனாகக் கூடவே போயிருந்த நான், ஒரு சொல்லும் பிசகாமல் அதைத் தமிழில் சொன்னேன்.

“சேர், அது வாடகச் சாமான்,” என்றான் சுஹைர். “வலீமாச் சாப்பாட்டுக்குக் குடுக்கிறது. தில்லையடியில யாருட்டயும் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க.”

நான் மொழிபெயர்ப்பதற்குள் துப்பாக்கியின் பின்புறம் பதில் சொல்லிவிட்டது. அவனுடைய வாயிலிருந்து வந்த இரத்தம் கவிழ்த்து வைத்த சஹனில் வழிந்தது. கண்ணைக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள்.

“புடிச்சதுக்கு ஒரு துண்டாவது எழுதித் தாங்க!” என்று ஜீப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினாள் நஸ்லியா.

காகிதத்தை வீணாக்கக் கூடாது என்றார் மேஜர். வில்பத்துக் காட்டுக்குப் பக்கத்தில் கடமை செய்பவர் அல்லவா, மரங்களில் அவருக்கு அத்தனை அன்பு.

அதன்பிறகு நஸ்லியா முகாம் வாசலே கதியென்று கிடந்தாள். அந்தப் பிடிவாதம் நிர்வாகத்துக்கு எவ்வளவு தொந்தரவு! கடைசியில் மேஜரின் நிபந்தனையை நானே ஊருக்குக் கொண்டுவந்தேன்: சாப்பிடுகிறவர்களை ஒப்படைத்தால் சுஹைரைக் கூட்டிப் போகலாம்.

பள்ளிவாசலில் சனம் கூடியது. மீன் வியாபாரி பதுர்தீன்தான் எழும்பினார்.

“அவ்வளவுதானே? நாங்கதான் சாப்பிட்டவங்க. இந்த ஊர்ல அவன்ட சஹன்ல கை வெக்காதவன் யாரு? எல்லாரும் போவோம்.”

“எங்களையும் உள்ளுக்குப் போட்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

“போடட்டும். எல்லாரையும் போட்டா எல்லாருக்கும் சோறு போடணுமே!”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் முகாம் வாசலுக்குப் போனார்கள். வெறும் மணலில், சஹனே இல்லாமல், ஆறு ஆறு பேராக வட்டம் வட்டமாக இருந்தார்கள். பத்தாவது வட்டத்தில் ஐந்து பேர்தான். ஆறாவது இடத்தைச் சுஹைருக்கு என்று விட்டிருந்தார்கள். வேலியோரம் நின்ற நஸ்லியா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜர் வெளியே வந்து விரலால் எண்ணினார். “ஒருவன் குறைகிறான்.”

“அது உள்ளுக்கு இருக்கிற சுஹைர், சேர்,” என்றார் பதுர்தீன். “அவனக் கூட்டி வாங்க. கணக்குச் சரியாகிரும்.”

நான் மொழிபெயர்த்தேன். மேஜர் பக்கத்தில் நின்ற சிப்பாயைப் பார்த்தார். சிப்பாய் தன் சப்பாத்தைப் பார்த்தான். சுஹைரைக் கூட்டிவர ஒருவரும் உள்ளே போகவில்லை. பிறகு மேஜர் என் பக்கம் திரும்பினார்.

“இஸ்ஸதீன் மாத்தயா, நீங்கள் அங்கே இருங்கள்.”

“நானா?”

“ஏன், நீங்கள் சஹனில் சாப்பிட்டதில்லையா?”

உண்மையை மறுக்க எனக்கு வராது. காற்சட்டையைச் சற்று உயர்த்திக்கொண்டு, தேசியக் கடமையாக, அந்த இடத்தில் இருந்தேன்.

“சேர்! அது அவர்ட இடம்!” நஸ்லியா அலறினாள். “அல்லாவுக்காக எழும்புங்க! இருக்க வேணாம், எழும்புங்க!”

பதுர்தீன் என் தோளைப் பிடித்து இழுத்தார். அதற்குள் மேஜர் எண்ணி முடித்துவிட்டார்.

“எல்லோரும் இருக்கிறார்கள். ஒருவரும் குறையவில்லை. வீட்டுக்குப் போகலாம்.”

“அப்ப என்ட மாப்பிள?” என்று கேட்டாள் அவள்.

“அப்படி ஒருவன் இங்கே இல்லை. கணக்கில்தான் இடமே இல்லையே.”

கணிதத்தின் வெற்றி என்றால் இதுதான். ‘தேடப்பட்ட அனைவரும் கிடைத்தனர், எவரும் காணாமற் போகவில்லை’ என்று அறிக்கை போனது. மேஜருக்குப் பதவி உயர்ந்தது. நான் நல்லிணக்கக் குழுவின் தலைவரானேன்.

வருடங்கள் போயின. போன மாதம் எங்கள் ஊர் மண்டபத்தில் மனித உரிமைக் கருத்தரங்கு நடந்தது. கொழும்பிலிருந்து வந்த பெரியவர்களுக்கு நடுவே மேடையில் இருந்தேன். “இந்த ஊரில் காணாமல் போனவர்கள் உண்டா?” என்று கேட்டார்கள். “ஒருவரும் இல்லை” என்று அறிக்கையைக் காட்டினேன்.

பின்வரிசையில் நஸ்லியா எழும்பினாள். அழவில்லை. அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் ஆயத்தமாக வைத்திருந்தோம்.

“சேர், நீங்க எனக்கு ஒண்டும் செய்ய வேணாம்,” என்றாள். “அவர்ட இடத்துல இருந்து எழும்புங்க. அது போதும். ஒராள் குறையிறது எல்லாருக்கும் தெரியட்டும்.”

மண்டபம் முழுவதும் என்னையே பார்த்தது. நான் எழும்பவில்லை. கூட்டம் முடிந்து தேசிய கீதம் போட்டார்கள். அதற்கு மட்டும் எழும்பினேன்.