முப்பத்தொரு மதிப்பெண்

எங்கள் கனிமத் துறையில் கனிமத்தைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஒரு அரசாங்கத் துறைக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் அவரால் யாருக்கும் தொந்தரவு வந்ததில்லை. வருடத்துக்கு ஒருமுறை மழை ஓய்ந்ததும், கிழக்குக் குன்றில் செம்பு இருக்கிறது, ஒரே ஒரு துளை போட்டுப் பார்க்க அனுமதி வேண்டும் என்று அறிக்கை எழுதிக்கொண்டு வருவார். தலைமை எழுத்தரான நான் அதைத் தட்டச்சு செய்து இயக்குநரிடம் வைப்பேன். துளை போடும் இயந்திரம் துறையிடம் இல்லை என்று இயக்குநர் ஓரத்தில் எழுதுவார். கோப்பு என் பீரோவுக்குத் திரும்பிவிடும். பதினோரு வருடமாக இந்தப் பணி தங்குதடையின்றி நடந்துவந்தது.

அவரைக் கல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். குன்றில் பொறுக்கிய பச்சைக்கறை படிந்த கல் ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். ஓய்வுபெற இன்னும் பதினாறு மாதம். வீட்டுக்குப் போவதற்குள் அந்தத் துளையைப் பார்த்துவிட வேண்டும், கீழே ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்றாவது தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இப்படி இருக்கையில் வெளிநாட்டு உதவி வந்தது. உள்ளூர் நிலவியலாளர்கள் பன்னிரண்டு பேருக்குக் கனிமம் தேடுவதில் மூன்று மாதத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி. பயிற்சிக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு. சராசரி மதிப்பெண் குறைந்தது ஐம்பது உயர்ந்தால் பயிற்சி வெற்றி. வெற்றி பெற்ற துறைக்குத் துளை போடும் இயந்திரம் ஒன்று அன்பளிப்பு. கடிதத்தைப் படித்ததும் கல்லுக்காரர் என் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மனுஷனுக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

துறையில் இயக்குநரையும் சேர்த்து நிலவியலாளர்கள் பதினோரு பேர். பன்னிரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? வெளிநாட்டுக்காரர்கள் எண்ணிக்கையில் கறாரானவர்கள் என்று இயக்குநர் என்னைக் கள உதவியாளர் என்று எழுதிச் சேர்த்துவிட்டார். என் மனைவி அன்று முழுக்கச் சிரித்தாள். "அரிசியில கிடக்கிற கல்லே உங்க கண்ணுக்குப் படாது. இதுல பூமிக்குள்ள வேற தேடப் போறீங்களா?" என்றாள்.

முதல் தேர்வு நடந்தது. நூறு கேள்விகள், கேள்விக்கு நான்கு விடைகள், ஒன்றில் குறியிட வேண்டும். மற்றவர்கள் முப்பதும் நாற்பதும் வாங்க, கல்லுக்காரர் தொண்ணூற்றேழு வாங்கினார். மீதி மூன்றில் விடைத்தாளே தப்பு என்று வேறு சாதித்தார்.

இயக்குநர் அவரை அறைக்கு அழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு துரோகியிடம் பேசுவதுபோல வருத்தமாகப் பேசினார்.

"இவ்வளவு தெரிஞ்சு வச்சிருந்தா பயிற்சிக்கு அப்புறம் எப்படி உயருவீங்க? மேல போக இன்னும் மூணு மார்க்தான் இருக்கு. நீங்க ஒருத்தர் பதினோரு பேரோட சராசரியையும் பிடிச்சுக் கீழ இழுக்கிறீங்க. இயந்திரம் வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார்."

"அப்ப கொஞ்சம் நாட்டுக்காக யோசிங்க."

அன்றைக்கு மதியம் விடைத்தாள்கள் மேல் தேநீர் கொட்டிவிட்டது. எப்படிக் கொட்டியது என்று விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. கொட்டிய நானே அதன் செயலாளர். மறுநாளே மறுதேர்வு.

தப்பாக எழுதுவது சுலபம் என்று நினைப்பவர்கள் அந்த மாதிரித் தேர்வை எழுதிப் பார்த்ததில்லை. ஒன்றுமே தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டாலும் இருபத்தைந்து கேள்வி சரியாகிவிடும். எது சரி என்று தெரிந்தவனால்தான் அதைத் தவறாமல் தவிர்க்க முடியும். ஆகவே துறையின் அறியாமை முழுவதும் கல்லுக்காரரின் அறிவை நம்பியிருந்தது. இயக்குநர் அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். மற்ற ஒன்பது பேரும் சுற்றிலும் உட்கார்ந்து, அவர் இட்ட குறிகளை அப்படியே பார்த்து எழுதினார்கள். எனக்கு மட்டும் ஜன்னலோரம் கடைசி நாற்காலி. அங்கிருந்து அவர் முதுகுதான் தெரிந்தது. என்னைத் தப்பாக எழுதச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. வெளியே ஒருவர் வண்டிச் சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நான் கைபோன போக்கில் குறியிட்டேன்.

முடிவு வந்தது. பதினோரு பேரும் ஆளுக்கு ஆறு மதிப்பெண். அந்த ஆறும் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, சில கேள்விகளில் கை கேட்கவில்லை என்றார் கல்லுக்காரர். நான் முப்பத்தொன்று வாங்கியிருந்தேன்.

பயிற்சி தர வந்த நிபுணர் நல்ல மனிதர். இவ்வளவு சீரான அறியாமையைத் தாம் எந்த நாட்டிலும் கண்டதில்லை என்று உருக்கமாகச் சொன்னார். கல்லுக்காரரின் தோளில் கை வைத்து, கவலைப்பட வேண்டாம், எல்லாம் கற்றுக்கொள்ளலாம் என்றார்.

முதல் வாரம் எல்லோருக்கும் தொப்பி, தோள்பை, கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பெயர் அட்டை. இரண்டாம் வாரம் வண்ணக் காகிதம் கொடுத்து, பாறை என்றதும் மனதில் தோன்றுவதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். இயக்குநர் 'ஒற்றுமை' என்று எழுதிக் கைதட்டு வாங்கினார். கல்லுக்காரர் 'கிழக்குக் குன்று' என்று எழுதி ஒட்டினார். பாடத்திட்டத்தில் இல்லாததால் அதைப் பிய்த்தெடுத்துவிட்டார்கள்.

மூன்று மாதத்தில் ஒருநாள்கூட எந்தக் குன்றுக்கும் போகவில்லை. நிபுணரின் காப்பீடு மாடிப்படி வரைக்கும்தானாம். கற்கள் அவருடைய நாட்டிலிருந்து விமானத்தில், பஞ்சு வைத்த பெட்டியில் வந்தன. நம் ஊர்க் கல்லைத் தொட நமக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

இரண்டாம் தேர்வில் அதே நாற்காலி வரிசை. இந்த முறை கல்லுக்காரர் கைக்கு விடுதலை. பதினோரு பேரும் தொண்ணூற்றேழு. நான் மறுபடியும் முப்பத்தொன்று. விழா நடந்தது, மாலை விழுந்தது. மூன்றே மாதத்தில் ஆறிலிருந்து தொண்ணூற்றேழுக்கு ஏறிய அதிசய மாணவர் என்று கல்லுக்காரரை மேடையேற்றிப் படம் எடுத்தார்கள். படத்தில் அவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் இயந்திரம் வந்தது. மஞ்சள் வண்ணம், புத்தம் புதிது. அலுவலக முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தினோம். அவர் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டுப் போய், அறிக்கையைப் புதிய தேதி போட்டு எழுத ஆரம்பித்தார்.

இயந்திரத்துக்கு யார் பொறுப்பு என்று முடிவுசெய்ய ஒரு மதிப்பீட்டுக் குழு வெளிநாட்டிலிருந்து வந்தது. அந்த வருடம் எங்கே பார்த்தாலும் 'நீடித்த நிலைத்தன்மை' என்ற சொல்தான். குழு இரண்டு நாள் மதிப்பெண் பட்டியலையே பார்த்துவிட்டு ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது. பதினோரு பேரின் அறிவு உதவியால் வந்தது. உதவி நின்றால் அதுவும் போய்விடலாம். பன்னிரண்டாமவரின் அறிவோ பயிற்சிக்கு முன்பும் முப்பத்தொன்று, பின்பும் முப்பத்தொன்று. யாருடைய உதவியையும் நம்பாத, நீடித்து நிலைக்கிற, உள்ளூர் அறிவு என்றால் இதுவே. ஆகவே துளையிடும் பிரிவின் தலைவராக அவரையே நியமிக்கவும். தவறினால் இயந்திரம் பக்கத்து நாட்டுக்கு அனுப்பப்படும்.

இயக்குநர் கையெழுத்துப் போட்டபோது பேனா காகிதத்தைக் கிழித்தது. எனக்குத் தனி அறை கிடைத்தது. மனைவி மட்டும் இன்றுவரை என்னை அரிசி பொறுக்க விடவில்லை.

முதல் வாரமே கல்லுக்காரர் அறிக்கையோடு வந்தார். அதை எனக்குத் தெரியாதா? பதினோரு முறை நானே தட்டச்சு செய்தது. ஒரு கையெழுத்துப் போட்டால் மறுநாள் இயந்திரம் குன்றேறிவிடும். பேனாவையும் எடுத்துவிட்டேன். அப்போதுதான் ஒரு பயம் பிடித்தது. துளை போட்டு ஒன்றும் இல்லையென்றால், எதை வைத்து இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்பார்களே? துளையே போடாவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?

பேனாவை மூடினேன். "சார், இந்தக் குன்றை நீங்க எப்பப் பார்த்தீங்க?" என்றேன்.

"பதினோரு வருஷமா பார்த்துட்டிருக்கேன். உங்களுக்குத் தெரியாதா?"

"அங்கதான் சிக்கல். அப்ப உங்க அறிவு ஆறு மார்க்னு ரெக்கார்டுல இருக்கே."

"அந்த ஆறை எழுத வச்சது டைரக்டர்தானே. அதுக்காக டீயைக் கொட்டினது நீங்கதானே சார்."

"எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதே."

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. வேறு வழி என்ன என்று கேட்டார். அடுத்த மாதம் இரண்டாம் கட்டப் பயிற்சி வருகிறது, அதன் முன்தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் சொந்த அறிவு என்று பதிவாகும், பிறகு பார்க்கலாம் என்றேன். தொண்ணூற்றேழு வாங்கிவிடுகிறேன் என்றார். அது கூடாது, சராசரி கெட்டு மறுபடி தேநீர் கொட்ட வேண்டியிருக்கும், குழுவுக்குப் பிடித்த மதிப்பெண் எது என்றுதான் நாடே அறியுமே என்றேன்.

ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்து தேதி எழுதினார்.

"சரி, சொல்லிக் குடுங்க சார். முப்பத்தொண்ணு எப்படி வாங்கறது?"

எப்படி வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் பிரிவுத் தலைவராக இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியுமா? கதவைத் திறந்து பார்த்தேன். வெளியே இயக்குநரும் மற்ற ஒன்பது பேரும் ஆளுக்கொரு நோட்டோடு வரிசையில் நின்றார்கள். எல்லோரையும் உள்ளே வரச் சொல்லி, முதல் பாடத்தை ஆரம்பித்தேன்.