கொப்பரை குடோனில் மின்னிய டப்பா

ஆராய்ச்சி மாணவனிடம் 'என்ன வேலை பார்க்கிறீர்கள்?' என்று மட்டும் கேட்கவே கூடாது. சொல்லிவிடுவான்.

பொள்ளாச்சிக்குப் பெண் பார்க்கப் போன அன்று அதைக் கேட்டவர் பெண்ணின் அப்பா, தென்னந்தோப்புக்காரர். ஏற்கெனவே இரண்டு இடம் என் புழுப் பேச்சால் தட்டிப்போயிருந்தது. "காலேஜ்ல இருக்கேன்னு மட்டும் சொல்லு கண்ணு" என்று வழிநெடுக அம்மா ஓதிக்கொண்டே வந்தார். (என் சட்டைப்பையில் செத்த பூச்சி இருப்பது அவருக்குத் தெரியாது, பாவம்.)

நான் ஆரம்பித்துவிட்டேன். நூற்புழு என்றொரு பொடிப்புழு வயிற்றில் பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு பூச்சிக்குள் நுழையும். உள்ளே போய் அதைக் கக்கும். பாக்டீரியா பூச்சியைக் கொல்லும். அப்புறம் இரண்டுக்கும் விருந்து.

"அப்பக் கொல்றது பாக்டீரியாதானுங்க. நூற்புழு கூட்டியாந்து உடறதோட சரி. நம்ம தரகராட்டமுங்க" என்றார் அவர். பக்கத்திலிருந்த தரகர் பஜ்ஜி மெல்லுவதை நிறுத்தினார்.

ஒரு மனிதருக்கு என் ஆராய்ச்சி புரிந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அந்தச் செத்த பூச்சி இருட்டுல மின்னுமுங்க. கையோட கொண்டாந்திருக்கேன்" என்று எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

பட்டப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? கொப்பரை குடோன் இருந்தது. அத்தனை பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். கண் பழகக் கொஞ்ச நேரமாகும் என்றேன். பட்டுச்சேலையும் வேட்டியுமாக மூட்டைகளுக்கு நடுவே வியர்த்துக்கொண்டு நின்றோம்.

"தெரியுதுங்களா?"

"லேசாப் பச்சையாத் தெரியுதுங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"எனக்கு நல்லாவே தெரியுதுங்க" என்றார் தரகர்.

"அழகா இருக்குது கண்ணு" என்று அம்மாகூடச் சொன்னார். எனக்கும் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைங்க" என்றது பெண்ணின் குரல்.

மூன்றாவது இடமும் போச்சு என்று நினைத்தேன். அவளே போய்க் கதவைத் திறந்தாள். வெளிச்சத்தில் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். டப்பாவை நான் திறக்கவே இல்லை.

கொங்கு மரியாதைக்கு அப்படியொரு சோதனை வந்திருக்காது. பெண்ணின் அப்பாதான் தொண்டையைச் செருமினார்.

"மூடி இருக்கறப்பவே இவ்வளவு வெளிச்சமுங்க தம்பி. தொறந்திருந்தாக் கண்ணு கூசியிருக்குமுங்க."

பெண் சிரித்துச் சிரித்து மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கேயே சம்மதம் முடிந்தது.

இன்றைக்கும் விருந்தாளிகளிடம் நான் பாக்டீரியா என்று வாயெடுத்தால், உள்ளேயிருந்து அவள் குரல் வரும்: "ஏனுங்க, மூடியத் தொறந்துபோட்டீங்களா?"

மாமனார் மட்டும் இதுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

"அன்னிக்குப் பாத்தது பச்சைதானுங்க மாப்ள" என்கிறார்.