பரிசத்தன்று பவளத்தை ஆற்றில் தள்ளினேன்

கதை எழுதுவது எப்படி என்று கேட்டுக்கொண்டு வாராவாரம் யாராவது ஒரு பிள்ளை என் வீட்டுப் படியேறிவிடுகிறது. ஆரம்பம், நடை, வர்ணனை என்று சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: முடிவில் கதாநாயகியைக் கொன்றுவிடலாமா? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாராளமாகக் கொல்லுங்கள் தம்பி. ஆனால் பரிசம் போடப் போன வீட்டில், தட்டு மாற்றுவதற்கு முன்னால் கொல்லாதீர்கள். நான் கொன்றேன்.

வெள்ளைக்காரன் காலம். சின்னமனூரில், வயலில் வேலை இல்லாத நேரமெல்லாம் (என் கணக்கில் எல்லா நேரமும்) கதை எழுதிக்கொண்டிருந்தேன். கதைக்கலை பற்றி ஏதோ ஒரு பத்திரிகையில் யாரோ எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். உயர்ந்த கதை கண்ணீரில் முடிய வேண்டும். எழுத்தாளன் வாசகனுக்கு வளைந்து கொடுக்கக் கூடாது. அதுவரை எனக்கு வாசகனே கிடையாது என்பதால், வளையாமல் இருப்பதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

அப்போதுதான் மார்க்கையன்கோட்டையில் பெண் அமைந்தது. பெயர் காமாட்சி. வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் அவளை ஒரு தடவை பார்த்திருந்தேன். இவள் கிடைக்காவிட்டால் சாமியாராகப் போய்விடுவது என்று அன்றே முடிவு செய்திருந்தேன்.

தட்டுகளோடு வண்டி கட்டிப் போய் இறங்கினோம். அவசரத்தில் சீக்கிரமே போய்விட்டோம். ராகுகாலம் முடிய நேரம் கிடந்தது. மழை, நெல், மாடு எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு பெண்ணின் அப்பா, "மாப்ள கதையெல்லாம் எழுதுவாகளாம்ல. ஒண்ணு சொல்லுங்க, கேப்போம்" என்றார். என் அப்பா பதறிப்போய் மழையைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். (என்னை நன்றாகத் தெரிந்தவர்.) நான் விடவில்லை.

பவளம் என்று ஒரு பெண். அவளுக்கு மதுரையில் பி.ஏ. படிக்கும் ஒருவன்மேல் ஆசை. பிடிக்காத இடத்திலிருந்து பரிசம் போட வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் பின்வாசல் வழியாக ஆற்றுக்கு ஓடுகிறாள். (பரிசம் போட வந்த வீட்டில் இந்தக் கதையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் அம்மாவும் அதைத்தான் கண்ணாலேயே கேட்டாள். நான் அதை ரசிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.)

என் கெட்ட நேரம், நன்றாகச் சொல்லிவிட்டேன். பெண்கள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றுவிட்டார்கள். உள்ளே சாம்பார் அடிபிடித்தது, யாரும் திரும்பவில்லை. முல்லையாற்று வெள்ளம் பவளத்தின் தலைக்குமேல் போனபோது காமாட்சியின் அத்தை விசும்பி அழுதாள். என் எழுத்துக்கு முதல் கண்ணீர்! அதைப் பார்த்து எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கர்வம் வந்தது.

"பெறகு?" என்றார் பெண்ணின் அப்பா.

"அவ்வளவுதான் மாமா."

"புள்ளையத் தூக்கிருங்க மாப்ள. நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம்."

"முடியாது மாமா. கதை கெட்டுப்போகும்."

பிறகு நடந்தது மாட்டுச் சந்தைப் பேரம். ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு நீச்சல் தெரியாமலா இருக்கும் என்று அத்தை மடக்கினாள். தெரியாது என்றேன். பிடித்துக்கொள்ள ஒரு கட்டையாவது மிதந்து வரட்டும் என்றார்கள். வராது என்றேன் (முழு மரமே மிதந்து போவதை நானே பார்த்திருக்கிறேன்). வேண்டுமானால் ஒரு காலை எடுத்துக்கொள்ளுங்கள், உயிரை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார் பெண்ணின் சித்தப்பா. நான் அசையவில்லை. ராகுகாலம் முடிந்து நல்ல நேரம் ஓட ஆரம்பித்திருந்தது. பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒரு புள்ள ஆத்தோட போய்க்கிட்டு இருக்கு. நான் எப்படித் தட்டை வாங்குறது?"

என் அப்பா என் காதோரம் குனிந்தார். "ஏலே, அவளைக் கரையேத்து. இல்லேன்னா ஊருக்கு நடந்தே வந்து சேரு."

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து காமாட்சியின் குரல் வந்தது. "அத்தை, அந்த பி.ஏ. அப்ப எங்கன இருந்தாராம்னு கேளுங்க."

கரையில் நின்று விதியை நொந்து பேசிக்கொண்டிருந்தான் என்றேன். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது. கையை நீட்டிப் பேசியும் காட்டினேன்.

"ஆசைப்பட்டவ ஆத்துல போறா, இவரு கரையில நின்னு பேசுறாரு. எழுதுனவருக்கும் அதுதான் சரின்னு படுதுன்னா, தட்டு வேணாம்னு அப்பாகிட்டச் சொல்லிருங்க."

இலக்கியம் அந்த நொடியில் என்னை விட்டு ஓடிவிட்டது. குதித்துவிட்டான் என்றேன் அவசரமாக. வேட்டியோடு குதித்துவிட்டான். கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவனுக்காவது நீச்சல் தெரியுமா என்று கேட்டாள் அத்தை. அவன் மென்மையானவன் என்று காட்டுவதற்காக, குளத்தில் கால் நனைக்கவே பயப்படுவான் என்று கொஞ்ச நேரம் முன்னால்தான் சொல்லித் தொலைத்திருந்தேன்.

"அப்ப ரெண்டு பொணமா?" என்றார் சித்தப்பா.

என் அப்பா எழுந்து நின்றார். வாழ்நாளில் ஒரு கதையும் படிக்காதவர்.

"கீழ்மடையில அந்தப் பையனோட அப்பன் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தான். ரெண்டு பேரு முடியையும் பிடிச்சு இழுத்துக் கரையில போட்டான். பையனுக்கு ரெண்டு அறை விட்டான். அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். எந்திரிங்க, நேரமாகுது."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு இதுதான் கதை என்றாள். மாமா தட்டுக்குக் கையை நீட்டினார். நீட்டியவர் பாதியில் நிறுத்தினார். "இனிமே உங்க கதையில ஒரு உசுரு போகக் கூடாது மாப்ள. சரின்னா வாங்குறேன்."

கதவைப் பார்த்து, சரி என்றேன்.

அன்றிலிருந்து என் கதைகளில் கன்றுக்குட்டிகூடச் செத்ததில்லை. விமர்சகர்கள் அதை ஜீவகாருண்யம் என்கிறார்கள். ஒரே ஒரு தடவை, ஆசை அடங்காமல், ஒரு கிழவருக்கு இருமல் மட்டும் கொடுத்துப் பார்த்தேன். கதை வெளிவந்த வாரமே மார்க்கையன்கோட்டையிலிருந்து மாமனார் வண்டி கட்டி வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே, பெரியவருக்கு இப்போது தேவலையா என்று விசாரித்தார். இன்னொரு கதை எழுதி, கிழவரைக் கஞ்சி குடிக்க வைத்து, அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் மாமனார் ஊர் திரும்பினார்.

இன்றைக்கும் நான் காகிதத்தை எடுத்தால் பேரப்பிள்ளைகள், கிழவர் சௌக்கியமா என்று கேட்டுச் சிரிக்கின்றன. அடுப்படியிலிருந்து காமாட்சி பதில் சொல்கிறாள்: "இருப்பாரு. இல்லேன்னா உங்க தாத்தாவுக்குச் சோறு கிடையாது."