முத்துமாரி ஹப் தேர்ந்த படலம்

வாழ்க முத்துமாரி! தாராவித் தொண்ணூறடிச் சாலையின் வடபால், எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நிற்க வேண்டிய சந்தினுள், பத்துக்குப் பன்னிரண்டடி மாளிகையில் கொலுவீற்றிருப்பவளும், அம்பாசமுத்திரத்துத் தட்டச்சுப் பயிலகத்தில் ஹையர் தேர்வை முதல் வகுப்பில் வென்றவளும், நிமிடத்துக்கு ஐம்பது சொல் பொழியும் பத்துவிரற்படையின் தலைவியும், ஆண்டாப் ஹில் துணிக்கிடங்கில் நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு சட்டைக் காலர்களில் விலைச்சீட்டுக் குத்தி அயராதவளும், தோற்பை வெட்டும் வானமாமலையின் இல்லத்தரசியுமாகிய முத்துமாரி வாழ்க! அவளுடைய பகைவனோ உருவமற்றவன். விசையை அழுத்திய கணத்துக்கும் திரையில் எழுத்துத் தோன்றும் கணத்துக்கும் நடுவில் ஒளிந்து வாழ்பவன். கம்ப்யூட்டர்க்காரர்கள் லேக் என்று செல்லமாக அழைக்கும் அந்தத் தாமதாசுரனை அவள் எதிர்த்து நின்ற வரலாற்றைச் சொல்லப் புகுந்தோம். கையிலிருக்கும் மொபைலைச் சற்றே கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

மண்ணாசையிலும் பொன்னாசையிலும் போர் மூண்ட கதைகள் ஆயிரம் உண்டு. இந்தப் போர் உட்காரும் ஆசையில் மூண்டது. கிடங்கில் பத்து வருடங்களாக நின்றபடியே வேலை பார்த்தவளின் கால்கள், மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவளுடையவைபோலவே இருக்காது, அப்படி வீங்கியிருக்கும். இந்நிலையில்தான், டாக்டர்கள் பேசி அனுப்பும் நோயாளிக் குறிப்புகளை வீட்டிலிருந்தபடியே காதால் கேட்டுக் கையால் அடித்துக் கொடுக்கும் உத்தியோகம் ஒன்று உலகில் உண்டென்ற செய்தி அவளை எட்டியது. அதற்கு ஒரு தேர்வு. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, பத்து நிமிடம், நிமிடத்துக்கு நாற்பது சொல். மூன்று புதன்கள் வாய்ப்பு. மூன்றும் போனால் கதவு சாத்தப்படும். உட்கார்ந்து செய்யும் வேலை! அதை நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. வீரர்களுக்கும் கண் கலங்கும். அதை மறைப்பது கதை சொல்கிறவனுக்கு அழகல்ல.

அவளுடைய ஆயுதசாலையை இனிக் காண்போம். மூன்றாங்கைக்கு வந்து சேர்ந்த மடிக்கணினி ஒன்று. அதன் சொந்தக் கீபோர்டு, வானமாமலை ஒருநாள் தட்டோடு தடுமாறியதால் எழுந்த சாம்பார்ப் பிரளயத்தில் மாண்டது. அதன் சொந்த டிஸ்க்கும் கிழடுதட்டிப்போனதால், வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் சொருகித்தான் எதையும் சேமிக்க முடியும். யு.எஸ்.பி. வாய்கள் இரண்டில் ஒன்று ஊமை. பேசும் வாய் ஒன்றே ஒன்று. அந்த ஒற்றை வாய்க்கோ மூன்று பேர் காத்து நின்றனர்: ஹார்ட் டிஸ்க், தேர்வுக்காரர்கள் கட்டாயம் வேண்டுமென்ற கேமரா, மற்றும் விநாயகர் சதுர்த்தி விழா நடத்தும் கணபதி மண்டலின் குலுக்கலில் வானமாமலை வென்று வந்த வயரில்லாக் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் சேர்த்தே உரிய, நகக்கண் அளவு ரிசீவர். வயர் வைத்த கீபோர்டு வாங்கினால் என்ன என்று கேட்பவர் அந்த வீட்டைக் கண்டவரல்லர். கணினி இருப்பது சுவரில் அறைந்த உயரப் பலகையில். அவள் இருப்பது தரையில். எந்த வயரும் எட்டாது. ஆகவே ஒரு வாயை மூன்றாக்கும் ஹப் எனும் திவ்விய உபகரணத்தைத் தேடி அவள் புறப்பட்டாள்.

முதல் படையெடுப்பு தாதர் மீது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு போய், ஏழு வாய்களும் ஏழு விளக்குகளும் ஜொலிக்க, வாய்தோறும் உள்ளே நீலநிற நாக்குத் தாங்கிய ஹப் ஒன்றை அவள் கைப்பற்றினாள். நீலம் என்றால் அதிவேகம் என்று விற்றவன் ஹிந்தியில் சத்தியம் செய்தான். முதல் புதனன்று எட்டு மணி அடித்தது. முத்துமாரி பத்து விரல்களையும் ஏவினாள். நீலவாயனோ நான்கு எழுத்தை விழுங்கி, ஐந்தாவதை ஒன்பது முறை துப்பினான். டாக்டர் காய்ச்சலைப் பற்றிப் பேசி முடித்து மருந்துக்குப் போய்விட்ட பிறகும், திரையில் காய்ச்சலே வந்து சேரவில்லை. நிமிடத்துக்குப் பதினோரு சொல் என்று தீர்ப்பு வந்தது. ஹையர் முதல் வகுப்புக்காரிக்குப் பதினொன்று! அன்று பிற்பகல் அவள் கிடங்குக்குப் போய் நின்றாள்.

இரண்டாவது ஹப், மனைவியின் முகத்தைப் பார்க்கப் பொறுக்காத வானமாமலை இணையத்தில் தருவித்தது. இரும்புக் கவசம் பூண்டது. தனக்கென்று தனி மின்சாரம் கேட்பது. கையில் எடுத்தால் எடைக்கல்லோ என்று தோன்றுவது. கவசத்துக்குள்ளேயும் அதே நீல நாக்குத்தான் என்பதை அந்தத் தம்பதியர் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் புதனில் பதினான்கு சொல். மூன்று சொல் முன்னேற்றம் என்று வானமாமலை ஆறுதல் கூறினான்.

எஞ்சியது ஒரே ஒரு வாய்ப்பு. முத்துமாரி இரு ஹப்களையும் பையில் போட்டுக்கொண்டு, பெட்டிக்கடை அகலமே உள்ள கடையில், சூடான பற்றவைப்புக் கோலும் பூதக்கண்ணாடியுமாக அமர்ந்து மொபைல்களுக்கு மறுபிறவி அளிக்கும் மேலப்பாளையத்து ஜெயினுலாப்தீனிடம் சென்றாள். அவர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். என்னென்ன சொருகுகிறீர்கள் என்று கேட்டார். பிறகு திருவாய் மலர்ந்தருளினார்.

"நீல வாயில ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினா, அது போடுத இரைச்சல்ல பக்கத்துல இருக்க ரிசீவருக்குக் காது கேக்காது தங்கச்சி. வேகம் உங்களுக்கு என்னத்துக்கு? கறுப்பு வாய் பழசு; மெதுவாத்தான் பேசும். ஆனா அடுத்தவனைப் பேச விடும்."

இவ்வாறு உபதேசித்து, டப்பா ஒன்றின் அடியிலிருந்து நான்கு வாய் கொண்ட கறுப்பு ஹப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விளக்கில்லை, கவசமில்லை, விலை ஒரு டீயும் ஒரு வடாபாவும் சேர்ந்த அளவே. டிஸ்க்கை ஒரு கோடியிலும் ரிசீவரை மறுகோடியிலும் வைக்கச் சொன்னார். முந்தைய இரண்டையும் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று அவள் கேட்டதைக் கேளாதவர்போல் வேறொரு மொபைலைத் திறந்தார்.

அன்று மாலை நிகழ்ந்ததை எழுதப் பேனா துள்ளுகிறது. விரல் பட்டதும் எழுத்து, நினைத்ததும் சொல். நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு! அடுத்த மாலையும் அவ்வாறே. அதற்கடுத்த மாலையும் அவ்வாறே. எதிர்வீட்டுக் கோமதியம்மாள் வந்து பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போனதால், அவள் கண்ணே பட்டிருக்கும் என்று அஞ்சிய முத்துமாரி, உப்பும் மிளகாயும் எடுத்துக் கறுப்பு ஹப்பை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி சந்து முழுவதும் பரவி, பத்து வீடுகள் இருமின.

மூன்றாம் புதன் விடிந்தது. காலையில் பழகிப் பார்க்க அதுவரை அவளுக்கு நேரம் வாய்த்ததே இல்லை; குழாய்க்கும் பஸ்ஸுக்குமே காலை சரியாகப் போய்விடும். அன்று விடுப்பு. தண்ணீர் பிடித்தாயிற்று. ஏழு இருபதுக்குத் தலை சீவி, பொட்டிட்டு, தரையில் அமர்ந்து, மடியில் கீபோர்டை ஏந்தி, ஒத்திகைக்காக ஒரு வரி அடித்தாள். எழுத்துகள் திக்கின. மறுபடி அடித்தாள். பாதி சொல்லைக் காணோம்.

ரிசீவரைப் பிடுங்கிச் சொருகினாள். ஹப்பைத் தட்டினாள். குலதெய்வத்தை அழைத்தாள். ஜெயினுலாப்தீனின் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும்.  இனி ஆயுள் முழுதும் காலர்தான், நிற்பதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில், தன் குழாயில் அன்று காற்று மட்டுமே வந்ததென்ற புகாரோடு, இரு குடங்களை இடுப்புக்கொன்றாக ஏந்திக் கோமதியம்மாள் உள்ளே நுழைந்தாள். முத்துமாரிக்கும் பலகைக்கும் நடுவில், அந்த வீட்டின் ஒரு நாள் உயிராகிய இருநூறு லிட்டர் நீல டிரம், விளிம்பு தளும்ப நின்றது. கணினியிலிருந்து தொங்கும் கறுப்பு ஹப், அந்த டிரம்முக்குப் பின்னால் சுவரோரமாக ஆடிக்கொண்டிருந்தது. கோமதியம்மாள் டிரம்மின் மூடியைத் திறந்தபடியே அனுமதி கேட்டாள். விரக்தியில் ஒரே விசையை அழுத்திக்கொண்டிருந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள். முதற்குடம் நிறைந்தது, மாற்றமில்லை. இரண்டாம் குடம் நிறைந்தது. திரையில் மூன்று எழுத்து வரிசையாக வந்தன. கோமதியம்மாள் ஆசைப்பட்டு ஒரு வாளியும் மோந்தாள், ஐந்து வந்தன.

முத்துமாரியின் விரல் அப்படியே நின்றது. எழுந்தாள். கோமதியம்மாளின் கையிலிருந்த வாளியைப் பறித்து டிரம்மிலேயே கொட்டிவிட்டு வந்து விசையை அழுத்தினாள். திக்கியது. மறுபடி மோந்து எடுத்துவிட்டு அழுத்தினாள். ஓடியது. மாலைதோறும் டிரம் காலியாக இருந்ததும், காலைதோறும் நிறைந்திருந்ததும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தாமதாசுரன் ஒருவனல்லன், இருவர். ஒருவனை ஜெயினுலாப்தீன் கொன்றார். மற்றவன் தினமும் அதிகாலையில் அவள் கையாலேயே நிரப்பப்பட்டு, கீபோர்டிலிருந்து ரிசீவருக்குப் போகும் அலைகளைத் தண்ணீரால் மறித்து எழுத்துகளைக் குடித்தபடி, வீட்டின் நடுவிலேயே அமர்ந்திருந்தான்.

மணி ஏழு முப்பத்தைந்து. நிறைந்த டிரம்மை நகர்த்த யானை வேண்டும். வீராங்கனை வாசலுக்கு வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். சந்தின் இரு முனைக்கும் கேட்கும்படி, தமிழிலும் ஹிந்தியிலுமாக முழங்கினாள்.

"தண்ணி வேணுங்கிறவங்க எல்லாரும் குடத்தை எடுத்துட்டு வாங்க. எட்டு மணிக்குள்ள வரணும். காசும் வேண்டாம், திருப்பியும் தர வேண்டாம். பானி லே லோ, ஜல்தி."

தாராவியில் தண்ணீரைச் சும்மா கொடுத்தவர் உண்டென்று எந்த வரலாற்றிலும் இல்லை. சந்து ஒரு கணம் திகைத்தது. சாவு விழுந்த துஷ்டி வீடோ என்று சிலர் நினைத்தனர். குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார்கள், வீட்டை யாருக்கு விடுகிறார்களோ என்று சிலர் விசாரித்தனர். அதற்குள் கோமதியம்மாள் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்ததைக் கண்டதும் ஐயம் தீர்ந்து, குடப்படை, வாளிப்படை, பெயின்ட் டப்பாப்படை, குக்கரோடு வந்த ஒருத்தி எனச் சந்து முழுதும் திரண்டு, தமிழும் மராத்தியும் ஹிந்தியும் முட்டிமோத, அந்தப் பத்துக்குப் பன்னிரண்டடிக் களத்தினுள் புகுந்தது. கூச்சல் கேட்டு மச்சிலிருந்து இறங்கிய வானமாமலை, ஏணியின் நடுப்படியிலேயே நின்றுவிட்டான்.

"ஏளா, கிறுக்குப் பிடிச்சிருக்கா? இனி நாளைக்குக் காலைலதான் தண்ணி வரும்."

முத்துமாரி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "ஒரு நாள்தான? நான் பத்து வருசம் நின்னுருக்கேன்."

அவன் கீழே இறங்கி, தானே ஒரு வாளியை எடுத்து மோந்து, வாசலில் நின்றவர்களின் குடங்களில் ஊற்றத் தொடங்கினான். ஏழு ஐம்பத்தாறுக்கு டிரம்மில் கணுக்கால் தண்ணீர் நின்றது. ஏழு ஐம்பத்தெட்டுக்குக் கதவு சாத்தப்பட்டது. எட்டு மணிக்கு, சர்க்கரை நோயுள்ள யாரோ ஒருவரின் இடது பாதத்தைப் பற்றி ஒரு டாக்டர் மூக்கடைப்போடு பேசத் தொடங்கினார்.

பத்து நிமிடங்கள் அந்த வீட்டில் டாக்டரின் குரலையும் விசைகளின் ஓசையையும் தவிர வேறு ஓசையில்லை. தகரத்தில் விழும் மழைபோல் விசையோசை இடைவிடாமல் விழுந்தது. வானமாமலை ஏணியடியில் மூச்சை அடக்கி நின்றான். சொல்லுக்கு முன் சொல் வந்து நின்றது. டாக்டர் இருமினால்கூட அதையும் அடிக்கத் தயாராக விரல்கள் காத்திருந்தன. நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு சொல், தேர்ச்சி, திங்கள் முதல் வேலை என்று திரையில் தீர்ப்பு வந்தது. படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை, கால்களை நன்றாக நீட்டிக்கொண்டு, ஈரத் தரையிலேயே, மணி பத்தாகும்வரை உட்கார்ந்தே இருந்தாள்.

அந்தக் கோலத்திலேயே ஜெயினுலாப்தீனுக்குப் போன் போட்டு, நீலவாயன் முதல் நீல டிரம் வரை நடந்த போர் அனைத்தையும் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். மாஷா அல்லாஹ் என்று மனமார வாழ்த்தினார். பிறகு சற்றே தயங்கினார்.

"எல்லாம் சரிதான் தங்கச்சி. அந்த ஹப்பைத் தூக்கி டிரம்மு மூடி மேல வச்சிருக்கலாம்லா?"

முத்துமாரி பலகையைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். மூடியைப் பார்த்தாள். வானமாமலையைப் பார்க்கவில்லை. எழுகடலையும் ஒரே மூச்சில் வற்றச் செய்தவளும், இருநூறு லிட்டரை இருபது நிமிடத்தில் ஈந்து கொடைக்கே இலக்கணம் வகுத்தவளும், நின்றவர் குலத்தில் முதன்முதலாக உட்கார்ந்தவளுமான அந்தச் செந்திரு மடந்தையின் புகழ் தாராவி உள்ளளவும் நின்று நிலவுக!

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை.