நாலு டயருக்கு ஒரு விசர்ஜன்

ஞாயித்துக்கெழம காலையில எனக்கு ஒரே ஒரு வேலதான். வண்டிக்கு நாலு டயரு மாத்தணும்.

மாத்தி, குளிச்சி, சாப்பிட்டுட்டு, சாயங்காலம் ராகு காலம் வாரதுக்குள்ள தாணே போகணும். வீட்டுக்காரியோட தம்பி சரவணனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். அவ்வளவுதான். இதுல தப்பு நடக்க என்ன இருக்குன்னுதான் நானும் நெனச்சேன்.

நம்ம வண்டி ஏழு பேரு உக்காருத எஸ்யூவி. செகண்ட் ஹேண்டுதான், ஆனா வீட்டுக்காரி சைடுல வேற யாருகிட்டயும் பெரிய வண்டி கெடையாது. அந்தக் குடும்பத்துல எனக்கு ஏதோ மரியாத இருக்குன்னா, அது வண்டிக்கு உள்ள மரியாத. ஓட்டிக்கிட்டு வாரவன்ங்கறதால எம்மேலயும் கொஞ்சம் பட்டிருக்கு.

அதுக்கும் போன மாசம் சோதன வந்துட்டு. ஒரு கல்யாணத்துக்கு எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போகையில ஹைவேயில டயரு வெடிச்சி, பட்டுச்சேல கட்டுன பொம்பளைய எல்லாம் ரோட்டோரமா நின்னு, தாலி கட்டி முடிஞ்ச பெறகு பந்திக்கு மட்டும் போய்ச் சேந்தோம். வீட்டுக்காரி சத்தமே போடல. மெதுவாத்தான் சொன்னா.

"சரவணனுக்குப் பொண்ணு பாக்கப் போகையில இப்பிடி ஆச்சுன்னா, நாங்க ட்ரெயின் பிடிச்சிப் போயிக்கிடுதோம். நீங்க வண்டியோடயே இருந்துக்கிடுங்க."

சரவணன் பாவம். இதுக்கு முன்னால பாத்த எடமெல்லாம் ஏதாவது ஒண்ணச் சொல்லித் தட்டிப்போச்சு. இந்த எடத்துல பொண்ணுக்கே அவன் போட்டோ பிடிச்சிருந்தது. ஆனா பொண்ணோட தாய்மாமா தலையாட்டணும். அவரு நேரத்துக்கு நேரம் எல்லாம் நடக்கணும்ங்கற ஆளு, லேட்டா வாரவனக் கண்டாலே ஆகாதுன்னு தரகர் ரெண்டு தடவ போன் பண்ணிச் சொல்லியிருந்தாரு.

அப்போ டயர முன்னாலயே மாத்தியிருக்கலாம்லான்னு கேப்பிய. மாத்தியிருக்கலாம். நான் யூட்யூப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

எனக்கு வேல குர்லாவுல ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல புக்கிங் கிளார்க். நாள் பூரா ஜன்னல் வழியா லாரி டயரத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆனா டயரு கருப்பா இருக்கும், உருண்டையா இருக்கும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. அதனால ராத்திரியெல்லாம் வீடியோ பாத்தேன். மலையேறுத டயரு, மணல்ல போற டயரு, சகதியில எறங்குத டயருன்னு தனித்தனியா இருக்காம். செம்பூர் நாக்கா ரோட்டுல மழைக்காலத்துக்கு மூணுமே வேணும்ங்கற முடிவுக்கு வந்தேன்.

முடிவுக்கு வந்த அன்னைக்குத்தான் பாத்தா, மறுநாள் பொண்ணு பாக்கப் போகணும்.

கடை கிங்ஸ் சர்க்கிள் பக்கம். நான் தனியாத்தான் போறதா இருந்தேன். அப்பிடியே மாட்டுங்கால பூவும் வாங்கணும்னு வீட்டுக்காரி ஏறிக்கிட்டா. பேரம் பேச ஆளு வேணும்னு வழியில தாராவியில பெரிய மச்சானும் ஏறிக்கிட்டாரு. வீட்டுக்காரிக்கு அண்ணன் அவரு. தோல்பை தைக்க பட்டறை வச்சிருக்காரு. எதையும் மோந்து பாத்துத்தான் வாங்குவாரு.

கடைக்கார சேட்டு மொத டயர உருட்டிக்கிட்டு வந்தாரு. நான் ரெண்டு வாரம் படிச்சதெல்லாம் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். வீட்டுக்காரி முந்திக்கிட்டா. இந்த டிசைன் வேண்டாம், எங்க பில்டிங்ல மூணாம் மாடிக்காரி வண்டியில இதேதான் இருக்குன்னா.

சேட்டு அடுத்தத எடுத்தாரு. கட்டம் பெருசா இருக்குன்னா. அதுக்கடுத்தது. ஓரம் நல்லாயிருக்கு, நடுவுல ஒண்ணுமே இல்லையேன்னா. இதுலயே கொஞ்சம் பொடிக் கட்டமா இருக்கான்னு ஹிந்தியில கேட்டா. சேட்டு அசரவே இல்ல. நம்ம ஆளுகளுக்கு எத்தன வருசமா வியாபாரம் பண்ணுதாரோ. கடை பூரா டயரப் பரத்திப் போட்டு, ஜவுளிக்கடையா ஆக்கிட்டாவ ரெண்டு பேரும். மச்சான் ஒவ்வொண்ணா குனிஞ்சி மோந்து, வெரலால தட்டி, புது ரப்பர்தான்னு எனக்குச் சொல்லிக்கிட்டே வாராரு.

கடைசியா ஒண்ணு பிடிச்சிட்டு. ரெண்டு பக்கமும் பார்டர் வச்ச மாதிரி, நடுவுல பொடிக் கட்டமா இருந்தது. நான் சேட்டப் பக்கத்துல கூட்டிக்கிட்டுப் போயி, இது எங்க வண்டிக்குச் சரியா வருமான்னு கேட்டேன். உங்க வண்டி சைஸுல எங்கிட்ட இருக்கதே இது ஒண்ணுதான்னாரு. அப்போ மத்ததெல்லாம் எதுக்குக் காட்டுனீரு? வீட்டுக்காரியக் காட்டி, பாபி கேட்டாங்கல்லான்னாரு.

சரி, ஒழியுது. பழைய டயரு நாலையும் கழட்டி எக்ஸ்சேஞ்சுல குடுத்தோம். பழைய சாமான் எடுக்க பங்கார் டெம்போ ஒண்ணு நின்னுது, அதுல ஏத்திவிட்டாச்சு. வண்டி கல்லு மேல கால் இல்லாம நிக்கி. வீட்டுக்காரி பூ வாங்கப் போயிட்டா. புது டயர மாட்டப் போற நேரத்துல மச்சான் கையத் தூக்குனாரு.

"மாப்ள, இந்த டயருக்குப் பூச போட்டாச்சா?"

வண்டி வாங்கும்போதே போட்டாச்சேன்னேன். மச்சான் சிரிச்சாரு. அன்னைக்கு எலுமிச்சம்பழத்த நசுக்குனது எதுன்னு கேட்டாரு. டயருன்னேன். அந்த டயரு இப்போ எங்கன்னாரு. பங்கார் டெம்போவுலன்னேன். அப்போ பூசயும் அதுலதான் போகுதுன்னாரு. போன மாசம் வெடிச்ச டயரே பூச போடாம எவனோ இடையில மாத்துனதுதானேன்னு வேற கேட்டாரு. மாத்துனவன் நான்தான்.

மாட்டிக்கிட்டு கோயிலுக்கு ஓட்டிட்டுப் போயிரலாமேன்னேன். பூச போடாத டயரு ரோட்டுல உருளலாமான்னாரு. குருக்கள இங்க கூப்பிடலாமேன்னேன். நட சாத்துத நேரம், வரமாட்டாருன்னாரு. யோசிச்சுப் பாத்தேன். எல்லாத்துக்கும் பதில் இருக்கு. அப்போ ஒரே வழிதான். டயரு கோயிலுக்குப் போகணும், உருளாமப் போகணும்.

கைவண்டிக்காரர் ஒருத்தரப் பிடிச்சி நாலையும் ஏத்துனோம். ரெண்டு தெரு தள்ளி பிள்ளையார் கோயிலு. குருக்கள் வாசல்ல வந்து எட்டிப் பாத்தாரு.

"வண்டி எங்கே?"

வண்டி கடையில நிக்கி, டயரு மட்டும் வந்திருக்குன்னு சொன்னேன். ரப்பரெல்லாம் உள்ள வரப்படாது, வெளியிலயே வைங்கோன்னாரு. வாசலுக்கு வெளிய பிளாட்பாரத்துல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனோம். சந்தனம், குங்குமம், மேல ஒரு ரோஜா மால. யாரு பேருக்கு அர்ச்சனைன்னு கேட்டாரு. மச்சான் யோசிக்காம வண்டி நம்பரச் சொல்லிட்டாரு. குருக்களும் அதையே சொல்லி அர்ச்சன பண்ணி, சூடம் காட்டி, தட்ட என் கையில குடுத்துட்டு நட சாத்தப் போயிட்டாரு.

கைவண்டிக்காரரு சாயா குடிக்கப் போயிருந்தாரு. அவரத் தேடி மச்சான் போனாரு. நான் தட்டோட டயருக்குப் பக்கத்துல நிக்கேன்.

அப்போ ஒரு மாமி கோயில்லருந்து வெளிய வந்தாவ. டயரப் பாத்தாவ. மால, குங்குமம், எரியுத சூடம், தட்டோட ஒரு ஆளு. செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட ஆரம்பிச்சிட்டாவ. நான் ஏதாவது சொல்லியிருக்கணும். கும்பிடுதவங்கள எப்பிடித் தடுக்கன்னு நெனைக்கதுக்குள்ள சுத்தி வர ஆரம்பிச்சிட்டாவ.

அதப் பாத்து ஸ்கூட்டர்ல போன ஒருத்தன் நிறுத்தி நெஞ்சத் தொட்டுக்கிட்டுப் போனான். ரெண்டு பேரு வந்தாவ, பெறகு நாலு பேரு. யாரோ ஊதுபத்திய டயரு கட்டத்துல சொருகிட்டாவ. பொடிக் கட்டமா இருந்ததால நல்லா நின்னுது. ஒரு மராத்திக்கார பெரியவரு என்கிட்ட வந்து, வேண்டிக்கிட்டா பலிக்குமான்னு மெதுவாக் கேட்டாரு. கூட்டத்துச் சத்தத்துல எனக்குச் சரியா விழல, டயரப் பத்தித்தான் கேக்காருன்னு நெனச்சி, அஞ்சு வருசம் கேரண்டின்னு சொல்லித் தொலைச்சேன். அவருக்குக் கண்ணு கலங்கிட்டு. ஊரெல்லாம் போன் போட்டுட்டாரு.

மச்சான் கைவண்டியோட திரும்பி வாரதுக்குள்ள பிளாட்பாரம் நெறஞ்சிட்டு. நாங்க ரெண்டு பேரும் மேல உள்ள டயரத் தூக்கப் போனோம். மாமி விடல.

"ஸ்வாமிய இப்படியா தூக்கறது? உங்களுக்கே நன்னா இருக்கா?"

இது சாமி இல்ல மாமி, டயருன்னேன். அது எங்களுக்கும் தெரியறது, அர்ச்சன ஆனப்புறம் அது வெறும் டயரான்னு கேட்டாவ. மச்சானப் பாத்தேன். மச்சான் மாமி சொல்லுததுல நியாயம் இருக்குன்னு தலையாட்டுதாரு.

அங்க சேட்டு போன் மேல போன் போடுதாரு, வண்டிய எடு, அடுத்த வண்டி நிக்கின்னு. இங்க மணி போயிக்கிட்டே இருக்கு. தாணேயில தாய்மாமா கடிகாரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. சரவணன் மூஞ்சி கண்ணு முன்னால வந்து எனக்கு அழுகையே வந்துட்டு.

கேரண்டி கேட்ட பெரியவருதான் வழி சொன்னாரு. அவரு தெருவுல வருசா வருசம் பிள்ளையார் வைக்க கணபதி மண்டல்ல பெரிய ஆளாம். சாமியத் தண்ணியில கரைச்சி முறைப்படி விசர்ஜன் பண்ணிட்டா எடுத்துக்கிடலாம், தோஷம் கெடையாதுன்னாரு. எங்க கரைக்கப் போறீங்கன்னு கேட்டாரு. டயரு கடைக்குன்னேன். அங்க தண்ணி இருக்கான்னாரு. இருக்கு, பஞ்சர் பாக்குத தொட்டியில இருக்குன்னேன். போதும்னுட்டாரு.

நாலு டயரும் கைவண்டியில ஏறிச்சு. பஜன கோஷ்டி ஆளு ஒருத்தரு எங்கிருந்தோ ஜால்ராவோட வந்துட்டாரு. தட்டு என் கையில இருந்ததால என்ன முன்னால நடக்கச் சொல்லிட்டாவ. போகப் போகக் கூட்டம் சேந்துக்கிட்டே வருது. பின்னால வாரவனுக்கு எந்தச் சாமின்னே தெரியாது. கிங்ஸ் சர்க்கிள்ல பஸ்ஸு, டாக்ஸி எல்லாம் அப்பிடியே நின்னுட்டு.

தெரு முக்குல பூப்பையோட வீட்டுக்காரி நின்னா. என்னப் பாத்தா, தட்டப் பாத்தா, பின்னால மாலையோட வார டயரப் பாத்தா. அவளே தேடிப் பிடிச்ச டிசைன், தெரியாம இருக்குமா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, எவளோ மாதிரி எதுத்த பிளாட்பாரத்துக்குப் போயிட்டா.

கடையில சேட்டு ஷட்டர எறக்கப் போனாரு. பெரியவரு விடல. ஒவ்வொரு டயரா பஞ்சர் தொட்டியில மூணு முக்கு முக்கி எடுத்தாவ. அடுத்த வருசம் சீக்கிரமாத் திரும்பி வான்னு எல்லாருமாச் சேந்து மராத்தியில கோஷம் போட்டாவ. சேட்டு அப்போதான் மொத தடவ சிரிச்சாரு. டயரு விக்கவருக்கு இதவிட வேற என்ன வாழ்த்து வேணும்?

எப்பிடி மாட்டுனாங்க, எப்பிடி வீட்டுக்குப் போயிக் குளிச்சேன், எப்பிடி தாணே போனேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆனா ராகு காலத்துக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டோம். டயரு நல்ல டயருய்யா, அதையும் சொல்லணும். ரோட்டுல பள்ளமே தெரியல.

பொண்ணு கேசரியக் கொண்டுவந்து வச்சுது. சரவணன் பாத்தான், பொண்ணும் பாத்துது, ரெண்டுக்கும் சிரிப்பு. தாய்மாமாவும் நாங்க நேரத்துக்கு வந்ததுல கொஞ்சம் இளகியிருந்தாரு. காப்பியக் குடிச்சிக்கிட்டே சொன்னாரு, எப்பவும் லேட் ஆகாத நானே இன்னைக்கு லேட் ஆயிட்டேன்னு. மத்தியானச் சாப்பாட்டுக்கு வாழையெல வாங்க மாட்டுங்கா போயிருக்காரு. எல்லாரும் தட்டுல சாப்பிட்டு முடிச்ச பெறகுதான் எலையோட வந்து சேந்தாராம்.

"எவனோ பைத்தியக்காரப் பயலுவ, நாலு டயருக்கு மாலையப் போட்டு ஊர்வலம் விட்டுட்டானுவ. ரோடே ஜாம்."

சரவணனுக்கு விஷயம் தெரியாது. விழுந்து விழுந்து சிரிச்சான். வீட்டுக்காரி கேசரியையே பாத்துக்கிட்டு இருந்தா. மச்சானுக்குப் பொர ஏறிட்டு. நான்தான் சமாளிச்சேன். காலம் கெட்டுப்போச்சு மாமா, ரோட்டுல எதுக்குன்னாலும் ஊர்வலம் விடுதானுவன்னேன்.

மாமா என் கையப் பிடிச்சிக்கிட்டு ஆமான்னாரு. எனக்கு உயிரு வந்துட்டு.

கெளம்பும்போது மரியாதைக்கு வண்டி வரைக்கும் வந்தாரு. கதவத் தொறந்துவிட்டவரு கீழ பாத்தாரு. தண்ணியில முக்குனதுல குங்குமம் போயிருக்கும்னு நெனச்சேன், போகல. ரப்பர்ல நல்லா ஊறிப் பிடிச்சிருந்தது. பொடிக் கட்டத்துக்குள்ள நசுங்குன ரோஜா இதழு, ஊதுபத்திக் குச்சித் துண்டு. மாமா வண்டியச் சுத்தி வந்து நாலையும் பாத்தாரு. பெறகு என்னப் பாத்தாரு. நான் வானத்தப் பாத்தேன்.

சரவணன் மூஞ்சி வெளிறிப்போச்சு. கடைசியா மாமா மச்சான் பக்கம் திரும்பி, பையன் தங்கமான பையன், பொண்ணக் குடுக்கதுல எங்களுக்குச் சம்மதம்னு சொன்னாரு. வீட்டுக்காரி அங்கேயே கண்ணத் தொடச்சிக்கிட்டா.

மாமா கதவச் சாத்திட்டு, ஜன்னல் வழியா மெதுவா ஒண்ணு சேத்துக்கிட்டாரு.

"மாப்பிள்ள அழைப்புக்கு வண்டி மட்டும் நாங்களே அனுப்பிக்கிடுதோம்."